பணி ஓய்வுக்குப் பின் ஊருக்குப் பயன்பட: மனு மேசை போட முழு வழிகாட்டி

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம். காலை ஒன்பதேகாலுக்குக் கை தானாகச் சட்டைக்குப் போனது. மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் போக இடமில்லை என்று உறைத்தது. ‘பால் வாங்கிட்டு வாரேன்’ என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். பால் ஆறு மணிக்கே வந்துவிட்டதை வீட்டில் யாரும் சொல்லிக்காட்டவில்லை.

முக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் ஆச்சி மஞ்சள் பையோடு வந்து நின்றார். “அண்ணாச்சி, நீங்க போஸ்டாபீஸ்ல இருந்தவங்கதான? இத என்னன்னு பாத்துச் சொல்லுங்க.” பையில் வங்கிப் பாஸ்புக், ஆதார், நான்காக மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாள். நாற்பது வருடம் பீடி சுற்றியவர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் 1,000 ரூபாய் பென்ஷன் எட்டு மாதமாக வரவில்லை. அந்தத் தாளை மூன்று பேரிடம் காட்டியிருக்கிறார். மூன்று பேரும் ‘மெட்ராஸ் போகணும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அவர் செய்யவேண்டியிருந்தது ஆயுள் சான்று, அதாவது உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான சான்று, கொடுப்பது மட்டும்தான். தபால்காரர் கையிலிருந்த செல்போனில் இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது என்று சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்.

அன்று தொடங்கியது என் மேசை. தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நூலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதத் தெரிந்தும் அலுவலகத் தமிழ் பிடிபடாதவர்களுக்கும் மனு எழுதித் தருகிறேன், படிவம் நிரப்பித் தருகிறேன். ஆறு வருடம் ஆகிறது. இதேபோல் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் கைப்பழக்கம் தையலாகவோ மோட்டார் ரிப்பேராகவோ இருந்தால் மேசைக்குப் பதில் அதை வைத்துக்கொள்ளுங்கள். வரிசை பெரும்பாலும் மாறாது.

படி 1: முதல் மூன்று மாதம் எதிலும் தலையிடாதீர்கள்

ஓய்வு பெற்ற மறுநாளே சங்கத் தலைவர், கோயில் கமிட்டிப் பொருளாளர், குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்று நாலு பொறுப்பு தேடி வரும். ‘உங்களுக்குத்தான் இப்ப நேரம் இருக்கே’ என்பார்கள். கௌரவமாகவும் இருக்கும். மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள்.

அதற்குள் உங்கள் காகிதங்களை ஒழுங்குபடுத்துங்கள். பென்ஷன் உத்தரவு, எல்லாக் கணக்குக்கும் வாரிசு நியமனம், மருத்துவக் காப்பீடு, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்தவர் படிவத்தில் உள்ள பொடி எழுத்தை நீங்கள்தானே படிக்கப் போகிறீர்கள்.

பணத்துக்கு ஓர் எல்லை போடுங்கள். கிராஜுவிட்டி வந்த செய்தி உங்களுக்கு முன்னால் உறவினர்களுக்குத் தெரிந்துவிடும். ஊருக்கு உதவுவது வேறு, கடன் கொடுப்பது வேறு, ஜாமீன் கையெழுத்துப் போடுவது முற்றிலும் வேறு. என் கணக்கு மாதம் 500 ரூபாய்: காகிதம், ஜெராக்ஸ், நீதிமன்றக் கட்டண வில்லை (ஸ்டாம்ப்), யாராவது பஸ்ஸுக்குக் காசில்லாமல் வந்துவிட்டால் அதற்கு. அதற்கு மேல் என்றால் வீட்டில் கேட்டுத்தான்.

வீட்டில் பேசுவதும் இந்த மூன்று மாதத்தில்தான். முப்பத்தெட்டு வருடம் பகலில் வீட்டில் இல்லாத மனிதன் திடீரென்று பகல் முழுக்க வீட்டில் இருக்கிறான், இப்போது ஊர் வேலை என்று மறுபடி கிளம்புகிறான். உங்கள் மனைவிக்கு அறுபது வயதில் யாரும் பிரிவு உபசார விழா நடத்தவில்லை. அடுப்பு அப்படியேதான் எரிகிறது. சனிக்கிழமை மேசைக்குப் போக எனக்கு அனுமதி கிடைத்தது, வெள்ளிக்கிழமை மாவு அரைத்து, காய் நறுக்கி வைப்பது என் வேலை என்ற ஒப்பந்தத்தின் பேரில்.

படி 2: உங்களிடம் ஊர் எதைக் கேட்கிறது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு மாதம் யார் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். உங்களுக்கு என்ன செய்ய ஆசை என்று எழுத வேண்டாம். எனக்கு ஆசை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லித்தருவது. நோட்டில் ஒரு மாதத்தில் விழுந்தது: ஆயுள் சான்று 4, வங்கிப் படிவம் 6, ஆதாரில் பெயர் பிழை 3, ‘இந்த மெசேஜ் என்னது’ 9. திருக்குறள் ஒன்றுகூட இல்லை. ஊர் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய வேலையே புது வேலையாக வருவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் அரசுக் கண் மருத்துவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகியவர். ஓய்வுக்குப் பின் அவர் புதுத் தொழில் கற்கவில்லை. அரசுப் பணியில் இருக்கும்போது கண் முகாம்களில் செய்ததையே செய்தார். நாம் மருத்துவமனை கட்டப்போவதில்லை, சரி. ஆனால் கை ஏற்கனவே பழகிய வேலையிலிருந்து தொடங்குவது என்ற வழி நமக்கும் பொருந்தும்.

‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்பவர்கள்தான் பெரும்பாலும் அதிகம் தெரிந்தவர்கள். பிரசவ வீட்டில் பத்தியம் வைக்கத் தெரிந்த அத்தை, பம்ப் செட் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் மாமா, பத்திரத்தில் நான்கு மால் (நிலத்தின் நாலு பக்க எல்லை) படித்துச் சொல்லும் பழைய கணக்குப்பிள்ளை. அவர்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படுவார்கள்.

படி 3: இடம், கிழமை, நேரம்

வீட்டில் வேண்டாம். வீட்டுக்கு வருபவருக்குக் கூச்சம், சாதி பார்க்கும் ஊரில் அதைவிடப் பெரிய தடை. நாலு பேர் சும்மா வந்து போகும் இடமாக இருக்க வேண்டும்: கிளை நூலகம், ஊராட்சி அலுவலகத் திண்ணை, இ-சேவை மையத்துக்குப் பக்கம், சந்தை கூடும் இடம். கட்சி அலுவலகமும் கட்சிக்காரர் கடையும் வேண்டாம். கோயில், பள்ளிவாசல், சர்ச் வளாகம் என்றாலும் ஒரு பகுதியினர் வரத் தயங்குவார்கள். பொறுப்பாளரிடம் வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நூலகர் மாறிப் போனால் அந்தத் தாள்தான் பேசும்.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். தொடக்கத்தில் தினமும் உட்கார்ந்தேன். ஐந்தாவது வாரம் முதுகு பிடித்துப் படுத்துவிட்டேன். அந்த வாரம் எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்த ஒருவர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். குறைவாகச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் இருங்கள். வர முடியாத வாரத்துக்கு முதல் நாளே அறிவிப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள்.

சனிக்கிழமையை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். சனிக்கிழமை எழுதினால் ஞாயிறு ஒரு நாள் யோசித்து, ஜெராக்ஸ் எடுத்து, திங்கள் காலை முதல் பஸ்ஸில் போகலாம்.

படி 4: மேசை மேல் என்னென்ன

வெள்ளைத் தாள், நீல மை பேனா நான்கு (இரண்டு காணாமல் போகும்), மைப்பேடு, ரேகை வைத்த விரலைத் துடைக்கப் பழந்துணி, ஸ்டேப்ளர், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லைகள், கார்பன் தாள். கார்பன் தாளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மின்சாரம் போய் ஜெராக்ஸ் கடை இருண்டு கிடந்த அன்று சிரிப்பு நின்றது.

முக்கியமானது ஒன்றைச் சொல்ல மறந்தேனே: கண்ணாடி. மலிவு விலை வாசிப்புக் கண்ணாடி, பவர் 1.5, 2, 2.5 என்று மூன்று வாங்கி, நூல் கட்டி மேசைக் காலில் முடிந்து வைத்திருக்கிறேன். ‘படிக்கத் தெரியாது’ என்று சொல்லி வந்தவர்களில் சிலர் அதைப் போட்டதும் தாங்களே கடகடவென்று படித்துவிட்டார்கள். எழுத்து மறந்துபோகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல்தான் போயிருந்தது.

படி 5: முதலில் கேளுங்கள்

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். ‘விஷயத்துக்கு வாங்க’ என்று நாக்கு நுனியில் நிற்கும். கவுன்டருக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்த உடம்பு அது. நாற்காலியை எதிரே போடாமல் மேசையின் ஒரே பக்கத்தில் இரண்டையும் போட்டேன், அந்தப் பழக்கம் பாதி குறைந்தது.

முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வந்தார். எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டேன். மகன் கேரளாவுக்கு வேலைக்குப் போனது, மருமகள் பேசாமல் இருப்பது, வெள்ளாடு மூன்று குட்டி போட்டதில் ஒன்று செத்தது என்று கதை போய்க்கொண்டே இருந்தது. இருபது நிமிடம். கடைசியில், “அந்தக் குட்டி செத்த மறுநாள்தான் பேங்குக்குப் போனேன், பணம் இல்லைன்னுட்டான்.” குட்டி செத்தது எப்போது? “குலசாமிக்குப் பொங்கல் வச்சு ஒரு வாரம், பங்குனி உத்திரத்துக்கு.” மார்ச் மாதக் கடைசி என்று கணக்குப் பண்ணினேன். பாஸ்புக்கைப் பதிவு செய்து பார்த்தால், கடைசி வரவு பிப்ரவரி. ஆடு மனுவுக்குள் வராது. ஆனால் ஆட்டைக் கேட்காமல் மார்ச் கிடைத்திருக்காது.

படி 6: மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பட்டா, தெருவிளக்கு, உதவித்தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மூன்று அலுவலகத்துக்கு நடுவில் அந்தத் தாள் அநாதை. ஒரு பக்கத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அந்தப் பாட்டிக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி:

அனுப்புநர்: பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண், செல் எண்.

பெறுநர்: தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம், வட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: முதியோர் உதவித்தொகை நின்றுபோனது – மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன். எனக்கு வயது 71. 2018 முதல் முதியோர் உதவித்தொகை பெற்றுவந்தேன். கடந்த மார்ச் மாதம் முதல் என் வங்கிக் கணக்கில் தொகை வரவில்லை. நிறுத்தியதற்கான காரணம் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனக்கு வேறு வருமானம் இல்லை. விசாரித்து, மார்ச் முதலான தொகையையும் சேர்த்து வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: உதவித்தொகை உத்தரவு நகல், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வங்கிப் பாஸ்புக் நகல்.

இதில் ‘தாழ்மையுடன்’, ‘பாதம் பணிந்து’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் அதை எழுதச் சொல்வார். “கொஞ்சம் கெஞ்சி எழுதுங்க அண்ணாச்சி.” நான் எழுதுவதில்லை. தேதியும் மாதமும் சரியாக இருந்தாலே போதும், கெஞ்சுவதைவிட அது வேலை செய்யும்.

எழுதியதும் முழுவதையும் சத்தமாக, மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லாத ஒரு வார்த்தை உள்ளே இருந்தால் அங்கேயே அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவரே போடட்டும். ரேகை என்றால் இடது பெருவிரல். பக்கத்தில் யாருடைய ரேகை என்று எழுதி, ‘படித்துக் காட்டி ரேகை பெறப்பட்டது’ என்று கீழே நீங்கள் கையெழுத்திடுங்கள்.

இரண்டு பிரதி கட்டாயம். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது தருவார்கள். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபால். எங்கள் காலத்துப் பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது; இத்தனை வருடம் அந்த நீள ரசீதைக் கிழித்துக் கொடுத்த கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூலப் பத்திரத்தை யாரும் எந்த மனுவோடும் இணைக்கக் கூடாது, நகல் மட்டும்.

உங்கள் நோட்டில் தேதி, பெயர், எந்த அலுவலகம், மனு எண், திரும்ப வரச் சொன்ன தேதி ஐந்தையும் குறியுங்கள். ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் எழுதி வைக்காதீர்கள். நோட்டு தொலைந்தால் யார் பொறுப்பு?

படி 7: அடிக்கடி வருபவை

முதியோர் உதவித்தொகை: 60 வயது தாண்டிய, ஆதரவற்ற ஏழைகளுக்கு. தமிழ்நாட்டில் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பம். வயதுச் சான்று பலரிடம் இருக்காது. ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. முதலில் அதைச் சரிசெய்யாமல் விண்ணப்பித்தால் திரும்பி வரும்.

ஆயுள் சான்று: மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு அவரவர் ஓய்வு பெற்ற மாதம். வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன்காரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். எங்கள் பக்கத்துப் பீடிப் பெண்கள் கோட்டை விடுவது இங்கேதான்: போன வருடம் எந்தத் தேதியில் கொடுத்தோம் என்பது மறந்துவிடும். பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார். இலை வெட்டி, தூள் உருட்டி, ரேகை தேய்ந்துபோன விரலைக் கருவி ஏற்காது. நாலு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, ‘நான் செத்துட்டேன்னு சொல்லுதா?’ என்று ஒருவர் கேட்டார். இப்போது முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் செயலி இருக்கிறது. வெயில் பின்னால் இல்லாமல் முகத்தில் படும்படி உட்கார வைத்து, கண்ணை ஒரு முறை சிமிட்டச் சொல்லுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம்: மனு போட்டு மாதக்கணக்கில் பதில் இல்லை என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு தாள். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, மாநில அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம், சான்று இணைத்தால் சரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதற்குப் பின் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் தரவில்லை’ என்று சண்டைக் கேள்வி கேட்காதீர்கள். ‘இந்த மனு எண் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக’ என்று கேளுங்கள். பல தடவை இந்தத் தாள் போன பிறகு பதில் வருவதற்கு முன்னால் வேலையே முடிந்துவிடும்.

பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர்: 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அங்கே அதிகாரம் உண்டு. ஆனால் இந்த மனுவை ஒரே நாளில் எழுதாதீர்கள். ‘அடுத்த சனிக்கிழமை வாங்க’ என்று அனுப்புங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். மகன் மேல் கோபம் வியாழக்கிழமையே தீர்ந்திருக்கும். மீதிப் பேர் இரண்டாம் முறையும் வருவார்கள், அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டும். அடி உதை என்றால் மட்டும் காத்திருக்காமல் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அங்கேயே அழைத்துக் கொடுங்கள்.

படி 8: தொடக் கூடாதவை

காசு வாங்காதீர்கள். வாழைப்பழம், மாங்காய் வந்தால் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் மனம் புண்படும், வீட்டுக்குக் கொண்டுபோனால் பேச்சு வரும்.

யாருடைய ஏ.டி.எம். அட்டையையும் கையில் வாங்க வேண்டாம், ஓ.டி.பி.யைக் கேட்க வேண்டாம். நல்ல எண்ணத்தில் கேட்டாலும், அடுத்த வாரம் போனில் ஒரு திருடன் கேட்கும்போது ‘சார்கூடக் கேட்டாரே’ என்று சொல்லிவிடுவார்கள். ஏற்கனவே ஏமாந்து வந்தவர் என்றால் மனு எழுத உட்காராதீர்கள். அந்த நிமிடமே 1930-க்கு போன். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தத்தான் அந்த எண்; முதல் சில மணி நேரம் போய்விட்டால் அப்புறம் கஷ்டம்.

நிலப் பத்திரம், உயில் இவற்றில் சாட்சிக் கையெழுத்து வேண்டாம். எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. தெரிந்தவர்தானே என்று ஒரு தாளில் போட்டேன். பின்னால் ஒன்றரை வருடம் ஒரு பங்காளிச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் நான் எதிரி. வழக்கு வரை போகும் விஷயத்துக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள்.

நடக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எழுதித் தருவது என் வேலை, கொடுப்பது அவர்கள் வேலை’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலகத்துக்கு நீங்களே போய் நின்று ‘நான் இன்னார், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர்’ என்று சொல்லும் ஆசை வரும். ஒரே ஒரு முறை போனேன். அங்கிருந்த இளைஞர் நிமிர்ந்து பார்க்காமல், ‘மனுதாரர் யாரு?’ என்று கேட்டார். கேள்வி சரிதான். இப்போது மனுதாரரை முன்னால் அனுப்பி, துணைக்குத்தான் பின்னால் நிற்கிறேன்.

தேர்தல் நெருங்கும்போது உங்கள் மேசைக்கு ஃபிளெக்ஸ் போட்டுத் தர ஒருவர் வருவார். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள்.

படி 9: மேசை ஒத்துவராது என்றால்

எல்லாராலும் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது, எல்லாருக்கும் பேச்சு வராது. வேறு சில வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம். பழைய நூல்களின் பக்கங்களைப் படமாகப் போட்டு, பக்கத்தில் கணினி படித்தெடுத்த எழுத்தை வைத்திருப்பார்கள். கணினி ‘ள’வை ‘ன’ என்றும், துணைக்காலை ‘ர’ என்றும் படித்துவைத்திருக்கும். நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. பழைய தமிழாசிரியர்களுக்கும் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். நல்லதுதான், ஆனால் பல தேர்வுகளில் எழுதித் தருபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி. எம்.ஏ. படித்த நீங்கள் பி.ஏ. மாணவருக்கு எழுத முடியாமல் போகலாம். பாடப் புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவதற்கு அந்தத் தடை இல்லை, அவர்களுக்கு வருடம் முழுக்கத் தேவைப்படுவதும் அதுதான்.

எழுதப் படிக்கச் சொல்லித்தர விரும்புகிறவர்கள் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளலாம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அகரம் மட்டுமல்ல, தாங்களாக ஓர் இடத்துக்குப் போய்வருவதும்தான். இன்றைக்கு அறுபது வயதுப் பெண்மணிக்கு அந்தச் சைக்கிளின் இடத்தில் செல்போன் இருக்கிறது. பஸ் போர்டும், மருந்து அட்டையில் உள்ள தேதியும், போனில் மகன் பெயரும் படிக்கத் தெரிந்தால் அவருக்குப் பாதி உலகம் திறந்த மாதிரி. ‘அ – அம்மா’விலிருந்து தொடங்க வேண்டாம், அவர் கையில் உள்ள போனிலிருந்து தொடங்குங்கள்.

ரத்த தானத்துக்கு 65 வயது வரைதான் அனுமதி. கண் தானத்துக்கு வயது வரம்பே இல்லை. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர் எல்லாரும் தரலாம். உறுதிமொழிப் படிவத்தை நிரப்பிப் பீரோவுக்குள் பூட்டிவிட்டால் பயனில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், போன் பண்ணப் போவது உங்கள் பிள்ளைகள். அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: மின்விசிறியை நிறுத்த வேண்டும், இமையை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும், 104-க்கு அழைக்க வேண்டும்.

படி 10: அடுத்த ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்

இதை நான் நான்காவது வருடம்தான் யோசித்தேன். முதல் வருடமே செய்திருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. ‘ழ’ எழுதும்போது வால் எங்கோ போகிறது.

நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். ஒரு நாள் கூட்டம் அதிகம், ‘கொஞ்சம் எழுதும்மா’ என்று தாளை நீட்டினேன். மூன்று மனு எழுதினாள். தேர்வில் கேட்கும் நிர்வாகத் தமிழ் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாட்டி சொல்வதை முழுதாகக் கேட்கும் பொறுமை மட்டும் இல்லை. அதைச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகினாள். செயலி, இணையதளம், கடவுச்சொல் எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. தாத்தா, ஆச்சிகளின் முகத்தைப் போனுக்கு நேராக நிறுத்துவது என் பொறுப்பு. வேலை கிடைத்து அவள் போய்விடுவாள், போகத்தான் வேண்டும். அதற்கு முன் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

மேசையை ஒப்படைக்க நாள் வரும்போது கைமாற வேண்டியவை: நூலக அனுமதித் தாள், நிலுவையில் உள்ள மனுக்களின் நோட்டு, எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று எழுதிய ஒரு பக்கம், மிச்சமுள்ள வில்லைகள். இந்த வாரக் கணக்குப்படி பத்து ரூபாய் வில்லை ஏழு இருக்கிறது. கண்ணாடி மூன்றில் ஒன்றை, நூலை அறுத்துக்கொண்டு, யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். 2.5 பவர். அடுத்த சனிக்கிழமைக்குள் வாங்கிக் கட்ட வேண்டும்.